தலை தட்டாத நெல்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, எடை பதினாறு கிலோ. பேச்சு மிகக் குறைவு. ஓரிடத்தில் நிலைகொள்ள மாட்டாள். தஞ்சாவூரில் அவளுக்குப் பயிற்சி தரும் பெண்மணி, உடல்மேல் கொஞ்சம் பாரம் இருந்தால் சில குழந்தைகள் அமைதியாவார்கள், கனமான போர்வையைப் பகலில் சிறிது நேரம் போர்த்திப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதை எண் போட்டு எழுதிக்கொண்டேன். ஒன்று, போர்வை அவள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு, கழுத்துக்கு மேல் வரக் கூடாது. மூன்று, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான்கு, அவளே அதைத் தள்ளிவிட்டு எழுகிறாளா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கடையில் கிடைத்தவை பெரியவர்களுக்கானவை. அதனால் பழைய பருத்திப் புடவையை மடித்து, பன்னிரண்டு அறைகள் வைத்து நானே தைத்தேன். உள்ளே போட வீட்டில் நெல் இருந்தது. ஒரு டம்ளர் நெல்லை, விளிம்புக்கு மேல் நிற்பதை வழித்துத் தலை தட்டி, சமையலறைத் தராசில் வைத்தேன். நூற்றுப் பத்து கிராம். அறைக்கு ஒரு டம்ளர் என்றால் துணியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ. கணக்கு சரியாக வந்தது. அதற்குள் அலுவலக அழைப்பு. வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. நிரப்பித் தைக்கும் பொறுப்பை என் நாத்தனாரிடம் விட்டுவிட்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தேன்.

மூன்று மதியங்கள், இருபது இருபது நிமிடம் போர்த்தினேன். அவள் அசையவே இல்லை. மூன்று நாளும் நோட்டில் 'அமைதி' என்று குறித்தேன்.

நான்காம் நாள் கரண்ட் போய் ஃபேன் நின்றது. மடிக்கணினியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவள் மேலுதட்டில் வியர்வை. கண்கள் திறந்திருந்தன. போர்வைக்கு அடியில் இரண்டு சின்ன மேடுகள் எழும்பி எழும்பி அமுங்கின. அவள் கைகள். அழவில்லை, கூப்பிடவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒரு கையால் இழுத்துப் போட்டபோதுதான் என் மணிக்கட்டுக்கு எடை தெரிந்தது.

தராசில் வைத்தேன். இரண்டு கிலோ அறுநூறு.

"அக்கா, எத்தனை டம்ளர் போட்டீங்க?"

"நீ சொன்னதுதான். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு."

"தலை தட்டியா?"

நாத்தனார் சிரித்துவிட்டார். "பச்சப்புள்ளைக்குப் போய் யாராச்சும் தலை தட்டி அளப்பாங்களா? நாம என்ன கடையா வச்சிருக்கோம்! கோபுரமாத்தான் அளந்தேன். மேல ஒரு கை கொசுறும் போட்டேன்."

தராசைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. "ஐயோ, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சாம்மா?"

"இல்லைக்கா" என்றேன்.

அவர் மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. இந்த வீட்டில் நெல்லைத் தலை தட்டி அளந்து ஆறு வருடத்தில் நான் பார்த்ததில்லை. தட்டி அளப்பது கஞ்சத்தனம், பிள்ளைக்கென்றால் அபசகுனம். தவிர, நான்காவது நிபந்தனை என் கையெழுத்தில் இருந்தது. கணக்கு சரியாக இருந்ததால் அதைச் சோதிக்கத் தோன்றவில்லை. சோதிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்றே அக்கா தையலைப் பிரித்தார். இருவரும் தலை தட்டி நிரப்பினோம், எடை பார்த்தோம். அவள் முழங்காலில் மட்டும் வைத்து, தள்ளச் சொல்லலாம் என்று போர்வையை நீட்டினேன்.

"இப்ப லேசா இருக்கு பாரு தங்கம்" என்றார் அக்கா.

மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள்.

நெல்லை மூட்டையில் கொட்டிவிட்டோம். அந்த மூன்று 'அமைதி'யில் எது அமைதி, எது எழ முடியாமல் கிடந்தது? அவளால் சொல்ல முடியாது. நோட்டில் அவற்றை நான் இன்னும் அடிக்கவில்லை.