சகலனின் ட்ரக்டரும் சுவர்க் குழாயும்

எனக்கு என் சகலனில் எப்போதும் ஒரு எரிச்சல்தான். தொண்ணூறுகளில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் லிஃப்டுக்குக் காத்து நின்றபோது, அவர் நகருக்கு வெளியே அஜக்ஸ் பக்கம், ரோட்டிலிருந்து வாசல்வரை கார் போக நீண்ட டிரைவ்வேயோடு வீடு வாங்கினார். ஸ்நோ தள்ளச் சின்ன ட்ரக்டர் வேறு. "அத்தான் என்ன வடிவாத் தள்ளுறார், பாருங்கோ" என்று என் மனைவி சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போனபோது முழங்கால் அளவு ஸ்நோ. "திறப்பைத் தாங்கோ அண்ணை, நான் தள்ளுறன்" என்று ட்ரக்டர்ச் சாவியை வாங்கினேன். அவர் தூரக் கொண்டுபோய்க் கொட்டுவது வெறும் ஸ்டைல் என்று நினைத்து, எல்லாவற்றையும் வீட்டுச் சுவரோரம் குவித்து, அவரைவிடக் கெதியாக முடித்தேன்.

உள்ளே தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோருக்கும் தலையிடித்தது. சகலன் சட்டென்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஓடிப்போய் என் குவியலைக் கிண்டினார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகை சுவர் வழியே வெளியேறும் குழாய் அதற்குள் புதைந்து கிடந்தது. நச்சுப்புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

"உது வீடு வைச்சிருக்கிறவைக்குத்தான் தெரியும்" என்றார், அன்பாகத்தான். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது எனக்கும் வீடு இருக்கிறது. ஸ்நோ கொட்டினால் முதலில் அந்தக் குழாயடியைத்தான் துப்புரவாக்குவேன். என் சின்ன டிரைவ்வேயைத் தள்ளக் கைச் சவளே போதும். ட்ரக்டர் வாங்க மனைவியிடம் சொல்ல ஒரு சாட்டுத்தான் இன்னும் அகப்படவில்லை.