பஸ் குளித்த நாள்

டிப்போவில் அந்த டிரைவருக்குக் கொட்டாவி என்று பெயர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கொட்டாவிதான் வரும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஆதரவற்றோர் விடுதிப் பிள்ளைகளைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப்போகும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இந்த முறை போய் நின்றால் பூங்கா வாசலில் பூட்டு தொங்கியது. பிள்ளைகள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். "பரவால்ல அங்கிள், எங்களுக்குப் பழக்கம்தான்" என்று முன்சீட்டு வாண்டு ஒருத்தி பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இவர்களை இப்படியே கொண்டுபோய் இறக்கிவிட மனம் வராமல் வண்டியை நேராக டிப்போவுக்கு விட்டார். அங்கே பஸ் கழுவும் மெஷின் அவர் மச்சானின் பொறுப்பில் இருந்தது.

"உள்ள ஆளுங்களோடயா? மறை கிறை கழண்டுடுச்சா மாமா?"

"ஜன்னலெல்லாம் சாத்தியாச்சு. சுவிட்சைப் போடுடா, இல்லேன்னா உங்க அக்காவுக்குப் போன் போடுவேன்."

மச்சான் சட்டென்று சுவிட்சைப் போட்டான். கூரை உயர நீலப் பிரஷ்கள் சுழன்றுகொண்டே வந்து பஸ்ஸைக் கட்டிப்பிடித்தன. நுரை வழிந்து உள்ளே வெளிச்சமே நீலமாகிப்போனது.

"திமிங்கலம் நம்மள முழுங்கிடுச்சா அங்கிள்?"

"ஆமா. இப்ப மென்னுக்கிட்டிருக்கு."

தினமும் இதற்குள் உட்கார்ந்து தூங்கி வழிந்தவர்தான். இன்றும் அவர் வாய் திறந்துதான் இருந்தது, ஆனால் கொட்டாவி வரவில்லை. நுரைக்குள் புகுந்த வெயில் பிள்ளைகளின் முகங்களில் வண்ணவண்ணமாக ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் மெஷினை விட்டு வெளியே வந்ததும் அந்த வாண்டு பளபளத்த கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இன்னும் அழுக்கு இருக்கு அங்கிள்."

அவர் உற்றுப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை.

"ஆமாம்மா, ஏகப்பட்டது இருக்கு" என்று ரிவர்ஸ் கியரைப் போட்டார்.