மச்சானின் பாய்ப்படகு

2009இல் என் மனைவியின் தம்பி புதுச்சேரியிலிருந்து ஒரு பழைய பாய்ப்படகைக் கடலூருக்குக் கொண்டுவந்தான். இரண்டு மாதம், ஞாயிறுதோறும், நான்தான் அதன் விரிசல்களை அடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பாய்மரத்தை நிறுத்திப் புதுக் கயிறுகள் கட்டியதும் நான்தான். பாய்ப்படகுப் போட்டியன்று அவனோடு ஏறப்போனேன்.

“நீங்க வெயிட்டு ஜாஸ்தி மாமா. அக்கா வரட்டும்,” என்றான்.

உப்புத்தாளைத் தொட்டுக்கூடப் பார்க்காத என் மனைவி சிரித்துக்கொண்டே ஏறினாள். உப்பனாற்றுக் கரையில் நின்று, படகு கவிழ வேண்டுமென்று மனதார வேண்டினேன். இருவருக்கும் நீச்சல் தெரியுமே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கவிழவில்லை. முதலாவதாக வந்தார்கள்.

“உங்க கயிறு சூப்பர் மாமா!” என்று மச்சான் கட்டிப்பிடித்தான்.

“பாய்மரம் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சே,” என்றேன்.

“அத நிறுத்துனதே நீங்கதானே?” என்றாள் மனைவி.