எதற்காக என்ற கட்டம்

என் அகராதியின் நடுவே நான்காக மடித்த ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது. பழுப்பேறிவிட்டது, மடிப்பில் கிழியப் பார்க்கிறது. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்கு அரிசி ஒரு மூட்டை எடுத்துவர அனுமதி கேட்டு எழுதியது. பெயர், தகப்பனார் பெயர், முகவரி, வண்டி விவரம் எல்லாம் என் கையெழுத்து. 'எதற்காக' என்ற கட்டம் மட்டும் காலி. அதற்குள் பேனா முனை நின்று நின்று பதிந்த மூன்று நீலப் புள்ளிகள் உண்டு. அவை பேராசிரியருடையவை.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னையில் பொருளாதாரம் படித்து, லண்டனில் மேலும் படித்து, நாற்பத்தெட்டில் ஊர் திரும்பினார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு கலந்த வருஷம் அது. யுத்த காலத்தில் நெல் வெளியே போகாதிருக்க எல்லையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்களாம். எல்லையே இல்லை என்றானதும் மூங்கிலை அவிழ்த்து யாரோ ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தயங்கித் தயங்கி வந்த நெல் வண்டி ஒன்று, தடுக்க ஆளில்லை என்று தெரிந்ததும் மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனதை அவர் டீக்கடையில் நின்று பார்த்திருக்கிறார். "லண்டன்ல மூணு வருஷம் படிச்சதை அந்த வண்டி மூணு நிமிஷத்தில சொல்லிட்டுப் போயிருச்சு" என்பார்.

பிறகு டில்லியில், திட்டம் போடும் அலுவலகம் ஒன்றில் உத்தியோகம். எந்த ஊரில் எவ்வளவு விளையவேண்டும், என்ன விலைக்கு விற்கவேண்டும் என்று மேஜையில் இருந்து முடிவு செய்வது அவருக்குச் செரிக்கவில்லை. அறிக்கையின் கடைசியில் தன் மறுப்பை ஒரு பக்கம் எழுதிச் சேர்ப்பார். அச்சாகி வரும்போது அந்தப் பக்கம் இருக்காது. இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை அந்தப் பக்கத்தோடு ராஜினாமாவையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு வாத்தியாராக வந்தார். வீட்டிலிருந்தபடி மாதம் ஒருமுறை, சைக்ளோஸ்டைலில் நகலெடுத்து, இதழ் ஒன்று போட்டார். ஆங்கிலத்தில் அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பதும், பிறகு தமிழாக்குவதும் என் வேலை. சொற்களுக்காக அலைந்துகொண்டிருந்த இளம்பெண் நான். அவரோ ஒரு சொல்லைக்கூட வீணாக்கவிடமாட்டார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். தட்டுப்பாடு வந்தால் சரக்கு நகரவேண்டும். நகரவிடாமல் தடுத்தால் இங்கே பஞ்சமும் அங்கே புழுவும்தான் மிஞ்சும். பெர்மிட் என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுப்பவரின் வாசலில் கூட்டம் இருக்கும். கூட்டத்தில் பலத்தவன் முன்னால் நிற்பான். சர்க்கார் ரோடு போடட்டும், கோர்ட்டு நடத்தட்டும், இல்லாதவர் கையில் பணமாகவே கொடுக்கட்டும். அரிசிக்கு வழி சொல்லவேண்டாம். கல்லூரி மாணவர்கள் அவரை முதலாளிகளின் ஆள் என்றார்கள். முதலாளிகளுக்கும் அவரைப் பிடிக்கவில்லை. நெசவு நூலுக்கு லைசென்ஸ் வைத்துக் கொழித்த அவருடைய சித்தப்பா ஒருநாள் வீட்டு வாசலிலேயே கத்தினார்: "லைசென்ஸை எடுன்னு எழுதுறியே, எடுத்தா நம்ம ஆளுங்க என்ன, மீமிசல்ல போயி மீன் பிடிக்கிறதா?" பேராசிரியர் அமைதியாகச் சொன்னார்: "பிடிங்க சித்தப்பா. அதுக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை."

அறுபதுகளின் நடுவில் மறுபடி மூங்கில் வந்தது. இந்தத் தடவை மாவட்ட எல்லையில், கீரமங்கலம் தாண்டி. அந்தப் பக்கம் அறந்தாங்கி, தஞ்சாவூர் மாவட்டம். அங்கிருந்து மூட்டை அரிசி இந்தப் பக்கம் வர பெர்மிட் வேண்டும். அந்த வருஷம்தான் அவர் மகளுக்குக் கல்யாணம். அவர் மனைவி அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் தன் வயலில் விளைந்த அரிசியை ஒரு மூட்டையாகப் பந்தல் வாசலில் இறக்கவேண்டும்; முதல் உலை அந்த அரிசியில்தான் ஏறும். இறக்க முடியாத தாய்மாமன் பந்தலுக்குள் கால் வைக்கமாட்டார்.

பெர்மிட் முறையே தப்பு என்று எழுதியவர் பெர்மிட் கேட்கமாட்டேன் என்றார். சட்டம் இருக்கும்வரை திருட்டுத்தனமாகவும் கொண்டுவரக்கூடாது என்றார். அம்மா, அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"நீங்க எழுதுறது ஊருக்கு. எங்க அண்ணன் அரிசி என் மகளுக்கு. குறுக்க உங்க பொருளாதாரம் எதுக்கு வருது?"

"நான் போயி நின்னா, இத்தனை வருஷம் எழுதினதுக்கு என்ன அர்த்தம்?"

"எங்க அண்ணன் வராட்டி, இத்தனை வருஷம் நான் இந்த வீட்டில இருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

மறுநாள் பேராசிரியர் என்னிடம் விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார். 'எதற்காக' என்ற கட்டத்துக்கு வந்ததும் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவை ஊன்றினார், எடுத்தார், ஊன்றினார். "அரிசி எதுக்குன்னு ஒருத்தன் கேக்கிறான், நான் பதில் எழுதணும், என்னம்மா இது" என்று மூடிவைத்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டபடியே தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

நல்ல வெயில். வரிசை கேட்டுக்கு வெளியே வரை நீண்டிருந்தது. ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்த அதிகாரி ஓடிவந்தார். பேராசிரியருடைய பழைய மாணவர். "சார், நீங்க போயி இங்கிட்டு நிக்கலாமா? உள்ள வாங்க. அந்தக் கட்டத்தை நானே எழுதிக்கிறேன்." பேராசிரியர் இரண்டு அடி எடுத்து வைத்திருப்பார். வரிசையில் இருந்த ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, சத்தமாகவே சொன்னாள்:

"போங்க, போங்க. வெள்ளை வேட்டிக்கு வெயில் ஆகாதுல்ல. நான் மூணு நாளா நிக்கிறேன். என் வயலு அங்கிட்டு, என் அடுப்பு இங்கிட்டு. என் நெல்லை நான் திங்க எவன்ட்டயோ எழுதிக் குடுக்கணுமாம்."

அவர் நின்றுவிட்டார். இதழ் இதழாக அவர் எழுதியதை அவள் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். பலத்தவன் முன்னால் நிற்பான் என்று எழுதியவர் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதிகாரியிடம், "இந்தம்மாவை முதல்ல பாருங்க" என்றார். அவள் தாளில் ஏதோ கையெழுத்து குறைகிறது என்றார் அதிகாரி. "அப்ப நானும் நிக்கிறேன்" என்று வரிசையின் கடைசிக்குப் போனார். மாலையில் ஜன்னலைச் சாத்தினார்கள். எங்கள் முறை வரவில்லை. கல்யாணத்துக்கு இருந்தது இரண்டே நாள். நடுவில் ஆபீசுக்கு விடுமுறை.

பேராசிரியர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அறந்தாங்கி பஸ் கண்டக்டரிடம் ஏதோ சொல்லியனுப்பிவிட்டு வந்தார். கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

கல்யாணத்தன்று காலை, பந்தல் வாசலில் அந்த அண்ணன் வந்து நின்றார். பின்னால் ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள். மூட்டை இல்லை. அவர் தன் துண்டின் முடிச்சை அவிழ்த்து, வாசலில் வைத்திருந்த ஓலைப்பெட்டியில் அரிசியைக் கொட்டினார். பின்னால் வந்த பெண்கள் முந்தானை முடிச்சுகளை அவிழ்த்தார்கள். குழந்தைகள்கூட சட்டைப் பையைக் கவிழ்த்தார்கள். பெட்டி ஏறக்குறைய நிறைந்தது.

"மூட்டையாக் கொண்டாராதீங்க, முடிச்சாக் கொண்டாங்கன்னு தங்கச்சி சொல்லிவிட்டுச்சு, மாப்ளே" என்றார் அண்ணன். முகம் சிவந்திருந்தது, மூட்டை இறக்காத குறை அவருக்கு இருந்தது. "செக்போஸ்ட்டுக்காரன் ஒவ்வொரு முடிச்சாத் தொட்டுப் பாத்தான். கைப்பிடி அரிசிக்குப் பெர்மிட் இல்லியாம். போங்கன்னுட்டான்."

பேராசிரியர் மனைவியைப் பார்த்தார். அம்மா அதற்குள் அரிசியை உலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று அவர் என்னையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். அந்தப் பெண் அங்கேதான் இருந்தாள். குறைந்திருந்த கையெழுத்தை வாங்க அவளோடு ஊர்க் கணக்குப்பிள்ளை வீடுவரை நடந்தார். அதன்பின் கட்டுப்பாடு நீங்கும்வரை, கல்லூரி இல்லாத நாட்களில் அங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். சித்தப்பா சும்மா விடுவாரா? "பெர்மிட்டே வேணாம்னவரு பெர்மிட்டுக்கு எழுத்தராயிட்டாரு!" என்று கடைவீதி முழுக்கச் சொன்னார். பேராசிரியர் மறுக்கவில்லை. இதழில் பெர்மிட் கூடாது என்று எழுதுவதையும் நிறுத்தவில்லை. எல்லார் தாளிலும் 'எதற்காக' என்ற இடத்தில் ஒரே பதில் எழுதினார்: சாப்பிடுவதற்கு. ஒருமுறை ஆபீசிலிருந்து 'மேலும் விவரம் தேவை' என்று திரும்பி வந்தது. அன்று மட்டும் அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

அவர் போய்ச் சில வருஷங்களாகின்றன. இப்போது புதுக்கோட்டை தனி மாவட்டம், அறந்தாங்கியும் அதற்குள். போன வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். மூங்கில் இருந்த இடத்தில் பஸ் வேகம் குறையவில்லை. எதிரே அரிசி லாரி ஒன்று வந்தது, கடந்தது, போய்விட்டது. எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்து தாளை எடுத்தேன். அவருடைய பதிலை அந்தக் கட்டத்தில் நானே எழுதிவிடலாம் என்று பேனாவை ஊன்றினேன். மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று விழுந்தது. அதோடு மூடிவைத்துவிட்டேன்.