தரையே தொடாத குண்டன்

என் அக்கா கண்ணாடி வெட்டுகிறவள். வெட்டுக் கத்தியால் ஒரே இழுப்பு, மேசை விளிம்பில் ஒரு தட்டு. கண்ணாடி சொன்ன பேச்சு கேட்கும். வெட்டிய விளிம்பைத் தேய்ப்பது என் வேலை.

பட்டறை முன்னால், வீடு பின்னால். எவ்வளவு பெருக்கினாலும் கண்ணாடித் தூள் எங்கள் செருப்போடு உள்ளே வந்துவிடும். அதனால் கட்டிலை விட்டு இறங்கினாலே செருப்புதான். தன் மகன் குண்டன் பிறந்ததும் அக்கா ஒரு சட்டம் போட்டாள்: பிள்ளை தரையைத் தொடவே கூடாது. இடுப்பு, மடி, தொட்டில், அவ்வளவுதான். பிள்ளையைப் பூப்போல வளர்க்கிறோம் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தோம்.

பத்து மாதமாகியும் குண்டன் தவழவில்லை. உட்கார வைத்தால் வைத்த இடத்திலேயே இருந்தான். பெரியம்மா வந்து பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"இவன் கால்ல வலுவே இல்லையேடி. இந்த வயசுல நீ வாசலைத் தாண்டி ஓடினவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். அன்று மதியம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கோணலாக வெட்டினாள். அவள் கை தவறி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் டாக்டரம்மா குண்டனின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"தரையில விடுறீங்களா?"

"எங்க வீட்டுத் தரையில நாங்களே வெறுங்காலோட நடக்க மாட்டோம் டாக்டர்."

"அப்ப அவன் எங்க தவழுவான், உங்க இடுப்புலயா? காலு நல்லாத்தான் இருக்கு. இடம் குடுங்க. ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் அசையலைன்னா வேற டெஸ்ட் எடுக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை அக்காவைத் தூங்கவிடவில்லை. படுக்கையறைக் கட்டிலை வெளியே தள்ளினாள். தரையைத் துடைத்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, மறந்துபோய்ச் செருப்போடு நுழைந்து வாங்கிக் கட்டிக்கொண்டது தெருவுக்கே கேட்டது.

குப்புறப் போட்டதும் குண்டன் வீடே இடிந்ததுபோல் கத்தினான். அக்காவும் எதிரே குப்புறப் படுத்துக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. எத்தனையோ நாள் வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்குடி," என்றாள்.

எனக்கும்தான் பயம். அந்தக் கோணல் கண்ணாடியை எடுத்து விளிம்பை மழமழவென்று தேய்த்தேன். மாமா சட்டம் அடித்துச் சுவரில் தரையோடு பொருத்தினார். உள்ளே இன்னொரு குண்டனைப் பார்த்ததும் எங்கள் குண்டன் அழுகையை நிறுத்தினான். வயிற்றை இழுத்து இழுத்துப் போய் அவன் மூக்கில் ஓங்கி அறைந்தான். மாமா பட்டறையிலிருந்த வாடிக்கையாளரைக்கூடக் கூட்டி வந்து காட்டினார். அப்புறம் அவனைப் பிடிக்க ஆள் போதவில்லை.

சில வாரம் கழித்துப் பெரியம்மா வந்தாள். "இன்னும் அப்படியேதானா?" என்று கேட்டபடி அறைக்குள் நின்றாள். குண்டன் விறுவிறுவென்று தவழ்ந்து போய், அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டான். அதுவரை அவன் நின்றதே இல்லை. பெரியம்மா குனியப் போனாள்.

"அசையாதீங்க பெரியம்மா," என்றாள் அக்கா. "கால்ல வலு இல்லாத பிள்ளை நிக்குறான்."

பெரியம்மா வாயை மூடிக்கொண்டு நின்றாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்குக் கால் மரத்துப் போகுதுடி," என்று பெரியம்மா முனகிய பிறகும் நாங்கள் அவளை நகரவிடவில்லை.