பத்துப் பவுண்டு பீர்

விஸ்கான்சினில் இருபத்தொன்பது வருடம் எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற வெண்டல் குரோகருக்கு மனிதர்கள் மேல் பெரிய புகார் கிடையாது. அவர்களுடைய கைகளின் மேல்தான். கை பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. கறிக்கடைக்காரர் நார்ப் ஷ்மிட்கேயின் தராசில் ஒருமுறை கோளாறு கண்டு சிவப்புச் சீட்டு ஒட்டினார். கோளாறு சரியாகும்வரை அதை எடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. அதற்குப் பிறகு இருவரும் எப்படி நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள் என்பதை இருவருமே விளக்கியதில்லை. தராசு சரியான பிறகு கழற்றிய சீட்டை நார்ப் பத்திரமாக மணிபர்ஸில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பின் வெண்டல் வீட்டிலேயே பீர் தயாரித்தார். காராஜில் பழைய ஃபிரிட்ஜ், உள்ளே நாற்பது கிளாஸ் கொள்ளும் எஃகுப் பீப்பாய், கதவுக்கு வெளியே குழாய். ஞாயிறு டிவியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்க எட்டுப் பேர் கூடுவார்கள். பீர் அருமையானது. எவ்வளவு மிச்சம் என்பதுதான் பிரச்சினை. எஃகுக்குள் பார்க்க முடியாதே. போன வருடம் முக்கியமான ஆட்டத்தில், மூன்றாம் கால்பகுதியில், குழாய் நுரையைத் துப்பிவிட்டு ஓய்ந்தது. நார்ப் பெட்ரோல் பங்குக் கடைக்குப் போய் டப்பா பீர் வாங்கிவந்தார். அந்தக் கதையைக் கறி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கறியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். வெண்டல் எல்லார் முன்னாலும் சபதம் செய்தார்: இனி இந்தக் காராஜுக்குள் ஒரு டப்பா நுழையாது.

பிறகு சோதனைகள். சுவரில் சாக்கட்டிக் கோடு: குடிப்பவரே போட வேண்டும் என்பது ஏற்பாடு, மூன்றாவது கிளாஸுக்கு மேல் கோடுகள் ஓவியமாயின. பீப்பாயைத் தூக்கி எடைபார்த்தல்: பீப்பாய் தப்பியது, முதுகு தப்பவில்லை. அவர் மனைவி ஆர்டிஸுக்கு ஒரு வழி தெரியும். பீப்பாயின் பக்கவாட்டில் ஒரு கெட்டில் வெந்நீரை ஊற்றித் தடவிப் பார்ப்பாள்; மேலே சூடு, கீழே ஜில். ஜில் தொடங்கும் இடம் பீர்.

"பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு, வெண்டல். பதினாறு கிளாஸ் தேறும். நாளைக்குப் பத்தாது" என்றாள் சனிக்கிழமை.

"கையால சொல்றியா?"

"கையாலதான் உனக்கு நாப்பது வருஷமா சமைக்கிறேன்."

அவர் புதிதாக வாங்கிய மின் தராசைப் பீப்பாய்க்கு அடியில் வைத்தார். காலிப் பீப்பாயின் எடையை முன்பே கழித்தாயிற்று. ஒரு கிளாஸ் ஒரு பவுண்டு. எண் தெரியும் பெட்டியைக் கதவுக்கு வெளியே மாட்டினார். முத்திரை நாடா எடுக்க வீட்டுக்குள் போய்வந்து, எண் பெட்டியைப் பார்த்தபடியே ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தி, யாரும் திறக்காதபடி நாடா ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சுவிட்சைத் தட்டினார். இருபத்தாறு. ஆளுக்கு மூன்று கிளாஸ், இரண்டு மிச்சம். ஆர்டிஸின் வெந்நீர்க் கணக்கை மன்னித்து, பெருந்தன்மையாக விசிலடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் கால்பகுதி முடிவதற்குள் குழாய் நுரையைத் துப்பியது. பெட்டி பத்து என்றது.

"உள்ள பத்து கிளாஸ் இருக்கு. குழாய்தான் அடைச்சிருக்கு" என்றார் வெண்டல்.

"போன வருஷமும் அடைச்சுதா, இன்ஸ்பெக்டரே?" என்றார் நார்ப்.

அப்போது ஆர்டிஸ் தட்டோடு வந்தாள். "கதவைத் திற. அடுப்புல கரி நல்லா பிடிச்சிருக்கு, சாசேஜ் எடுக்கணும்."

"எந்த சாசேஜ்?"

"நார்ப் கொடுத்தது. சமையலறை ஃபிரிட்ஜ் பூரா உருளைக்கிழங்கு சாலட். நேத்து நீ நாடா எடுக்கப் போனப்போ பீப்பாய் மேல வச்சேன்."

வெண்டல் தன் கையெழுத்தைத் தானே கிழித்தார். பீப்பாயின் தலையில் கறிக்கடைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. ஆர்டிஸ் அதைத் தூக்க, பத்து பூஜ்யமாயிற்று.

நார்ப் பொட்டலத்தைத் திருப்பி ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "பத்துப் பவுண்டு. உன் தராசும் பத்துங்குது. என் கடைத் தராசு சரிதானேப்பா?"

இருபத்தொன்பது வருடப் பழக்கம் பதில் சொல்லிவிட்டது. "துல்லியமா இருக்கு."

"உன்னோடது?"

"அதுவும் சரிதான்."

"அப்போ கோளாறு எதுல?" நார்ப் மணிபர்ஸைத் திறந்தார். மடிப்பில் வெளுத்த சிவப்புச் சீட்டு, வெண்டலின் கையெழுத்தோடு. பசை எப்போதோ போயிருந்தது. ஆர்டிஸ் ஓர் ஊக்கு கொடுத்தாள். நார்ப் அதை வெண்டலின் சட்டைப் பையின் மேல் குத்தினார்.

பெட்ரோல் பங்குக்கு இம்முறை வெண்டலே போனார். கல்லாவில் இருந்த பெண் டப்பாப் பெட்டிகளைப் பார்த்தாள், பிறகு சட்டையை.

"சார், என்னமோ மாட்டியிருக்கு. எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்மா. இன்னும் சரியாகல" என்றார் வெண்டல். இரண்டு பெட்டிகளையும் கையில் தூக்கிப் பார்த்து, பத்தாது என்று தோன்றி, இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.