ஸ்டெல்லா அக்காவின் மூன்றாவது பாட்டில்

வியாழக்கிழமை பள்ளி முடிந்து வந்தபோது மின்தூக்கி வாசலில் ஸ்டெல்லா அக்காவின் தம்பி ஆண்டனி நின்றிருந்தான். "அக்கா போயிட்டாங்கடா," என்றான். "எங்க?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே மட்டமான கேள்வி அதுதான். வேலை செய்துகொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்துவிட்டாராம்.

ஆலயத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு அவர் பாட்டு அக்கா. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்குச் சேற்று அக்கா. சிங்கப்பூரின் ஆறுகளைச் சுத்தம் செய்யும் இந்த ஆண்டுகளில், அடிச்சேற்றில் ஈயம், செம்பு, துத்தநாகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. "தண்ணி ஓடிடும்லா. சேறுதான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும்," என்பார். நான் செய்ததை உடனே மறக்கும் ஆள். ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும் நாட்களில் சேறு நிரப்பிய பாட்டில்கள் கிளமெண்டியில் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரனான நான் அங்கே பாதிக் குடித்தனம். "சோறு வைக்கிற இடத்துல சேறு வைக்கிறீங்களேக்கா!"

"வாயோட நிறுத்திக்க. பிளாஸ்டிக் தவிர எதுவும் என் சேத்துல படக்கூடாது."

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, சிராங்கூன் சாலைக்கு அருகே கால்வாயில் ஒரே இடத்தில் எடுத்த மூன்று பாட்டில்கள் இருந்தன. அக்கா பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். மூன்றாவதைப் பித்தளைத் தட்டில் கொட்டி, பித்தளைக் கரண்டியால் தேய்த்துப் பரப்பி, வில்லை போட்டு, முந்திரி பதித்தேன். மாலையில் ஆண்டனி கால்பந்து முடித்துப் பசியோடு வந்தான்.

"அல்வாவாடா?" ஒரே கடி. துப்பியதில் சுவர் நாட்காட்டி கறுத்துப்போனது. சிரித்து முடித்து, முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை வழித்துப் பாட்டிலிலேயே போட்டு மூடினேன். சேறு தின்றதை வெளியே சொல்ல ஆண்டனிக்கு வெட்கம்.

சோதனையில் மூன்றாவதில் மட்டும் செம்பும் துத்தநாகமும் எகிறின. பித்தளையில் இருப்பதும் அந்த இரண்டும்தான். அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, என் பாட்டிலைத் தொட்டியா?"

"நானா? சேத்தையா? சீ!"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரிலா," என்று போய்விட்டார்.

ஆய்வுக்கூடப் பதிவேட்டில் 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டாராம். அதன் பிறகு அவரைத் தனியாகச் சேறெடுக்க அனுப்பவே இல்லையாம். துக்க வீட்டில் ஆய்வுக்கூடத்துக்காரர் ஒருவர், "நல்ல வேலைக்காரி. அந்த ஒரு தப்புதான், பாவம்," என்றபோதுதான் எனக்கு இது தெரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அந்தத் தப்பு அக்காவுடையது இல்லை. ஆய்வுக்கூடத்துக்காரர்களே, தயவுசெய்து பதிவேட்டைத் திறந்து, அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்: குமரன், பக்கத்து வீடு. ஆண்டனி சாட்சி. அக்காவின் பாட்டையும் பேச்சையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும்.